இடது பக்கத்து எண்ணெய்

எல்லா உடம்புக்கும் ஒரே எண்ணெயைப் போடுகிறவள் தோசைக்கல்லுக்குத்தான் லாயக்கு என்பாள் சுசீலா.

ஜங்லிகாட்டில், மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒர்க்‌ஷாப்காரர்கள் தகரம் அடிக்கிற சத்தத்துக்கு நடுவில் இரண்டு அறை வீடு. அவளும் அவள் புருஷன் ஈஸ்வரனும் அங்கே இருந்துகொண்டுதான் போர்ட் பிளேர் முழுக்க எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுகிற மாலிஷுக்குப் போய்வந்தார்கள். பெண்களுக்கு அவள், ஆண்களுக்கு அவன். வீட்டுச் சுவர்ப் பலகையில் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். ஒரு ஆளுக்கு ஒரு பாட்டில். கப்பல் ஜெட்டியில் மூட்டை தூக்குகிற வங்காளிக்குப் பூண்டு போட்டுக் காய்ச்சிய கடுகெண்ணெய். அந்த முதுகில் முழங்கையை வைத்து அழுத்தினால்தான் அவனுக்கு அழுத்துகிற மாதிரியே தெரியும். டீச்சரம்மாவுக்கு வெறும் தேங்காயெண்ணெய். கழுத்தில் விரல் நுனிக்கு மேல் வைத்தால் தலை சுற்றிவிடும். எந்தப் பாட்டில் யாருடையது என்று எழுதி ஒட்டுவது கிடையாது. அந்தந்த ஆளின் பழந்துணியில் ஒரு கீற்றுக் கிழித்துப் பாட்டில் கழுத்தில் கட்டிவிடுவார்கள். லுங்கித் துணி, புடவைத் துணி, துண்டுத் துணி. அந்த உடம்பு வேர்த்த துணி.

ஆள் செத்துப்போனால், கருமாதிக்குள் மிச்ச எண்ணெயைக் கடலில் ஊற்றிவிடுவார்கள். துணியைக் கொளுத்திவிடுவார்கள். அந்த எண்ணெய் இன்னொரு உடம்புக்குப் போகக் கூடாது. ஏன் என்று இரண்டு பேரும் யோசித்ததில்லை.

அப்படி ஊற்றாமல் போனது ஒரே ஒரு பாட்டில்தான். அது அலமுவுடையது.

குட்வில் எஸ்டேட்டில் இராமகிருஷ்ணன் என்று ஒரு கவர்ன்மென்ட் ஸ்டோர்காரர் இருந்தார். அவர் மனைவி அலமு. சுசீலா அவளுக்கு வருஷக்கணக்காகப் பிடித்துவிட்டிருக்கிறாள். லேசுப்பட்ட உடம்பு இல்லை அது. எல்லாரையும்போலத் தோளில் ஆரம்பித்தால் விறைத்துக்கொள்ளும். இடது கால் சுண்டுவிரலில் தொடங்கி மேலே வர வேண்டும். கட்டைவிரல் ஆகாது, உள்ளங்கையின் அடிமேடுதான். முட்டிக்குப் பின்னால் கை பட்டால் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிப்பாள். தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஒரு இடம். அங்கே தொட்டால் கால் தானாக மடங்கும். எண்ணெய் நல்லெண்ணெய்தான், ஆனால் வெட்டிவேர் ஊறியிருக்க வேண்டும். பிடித்துவிடும்போது ஒரு வார்த்தை பேச மாட்டாள். போதும் என்றால் ஆட்காட்டி விரலால் கட்டில் பலகையில் இரண்டு தட்டு. அவ்வளவுதான்.

அவளுக்கு வயிற்றில் கட்டி என்று சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அவளை அங்கே ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு, ஆபீஸ் ஜோலி இருக்கிறது என்று இராமகிருஷ்ணன் மட்டும் திரும்பி வந்தார். அடுத்த ஷிப் கிளம்புவதற்குள் அவள் போய்விட்டாள். ஜங்லிகாட்டுக்குச் சேதி போனில்தான் வந்தது. அந்த உடம்பைக் கண்ணால் பார்க்காமல் பாட்டிலைக் கவிழ்க்க சுசீலாவுக்குக் கை வரவில்லை. பலகையின் பின்வரிசையில் தள்ளி வைத்தவள், நாளடைவில் மறந்தும் போனாள்.

இது நடந்து இரண்டு மழைக்காலம் ஆயிற்று. இப்போது இராமகிருஷ்ணனே படுத்துவிட்டார். பக்கவாதம். இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. சென்னையிலிருந்து மகன் சிவபிரகாஷ் லீவு போட்டு வந்திருந்தான். அப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும், இந்தத் தீவில் தனியாக விடுவதற்கில்லை என்பது அவன் முடிவு. அவர் ஒரே ஒரு பிடிவாதம் பிடித்தார். பொணத்தைத் தூக்குகிற மாதிரி என்னைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், நடந்தால் வருகிறேன், இல்லாவிட்டால் இங்கேயே கிடக்கிறேன் என்றார். அதனால் ஈஸ்வரனைக் கூப்பிட்டார்கள். நாலு எட்டு நடக்க வைத்துவிடுங்கள் அண்ணே, ஏர்போர்ட்டில் அங்கிருந்து இங்கே நடந்தால் போதும் என்று மகன் கெஞ்சினான்.

ஈஸ்வரனும் தன்னாலானதையெல்லாம் செய்து பார்த்தான். வலது பக்கம் சொன்னபடி கேட்டது. இடது பக்கம் ஐஸ்பெட்டியில் வைத்த மீன்போலக் கிடந்தது.

மழை பிடித்து, ஷிப் வராமல், கடைகளில் சரக்குத் தட்டுப்பாடாக இருந்த ஒரு வாரம். மத்தியானம் வேலை முடித்து வந்த ஈஸ்வரன் பையை இறக்காமலே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். சுசீலா தண்ணீர் கொடுத்தாள். வாங்கி வைத்தானே தவிரக் குடிக்கவில்லை.

இடது பக்கம் அசைந்தது என்றான். நல்லதுதானே என்றாள் அவள். அவன் தலையாட்டினான். நல்லதாகத் தெரியவில்லை என்றான். தோள்பட்டைக்குக் கீழே கட்டைவிரலை வைத்ததும் கால் வெடுக்கென்று மடங்கிற்றாம். சரி, நரம்பு முழித்துக்கொண்டது என்று முட்டிப் பக்கம் வந்திருக்கிறான்.

"பின்னால கை பட்டதும் சிரிச்சாரு சுசீ. பாதி வாயால. மீதி வாய் அது பாட்டுக்கு இருக்கு. அந்தப் பாதி மட்டும் சிரிக்குது."

"அப்புறம்?"

"பலகையில ரெண்டு தட்டு தட்டுச்சு, அந்தக் கை."

சுசீலா அவன் பையைத் தன் பக்கம் இழுத்தாள். என்ன எண்ணெய் போட்டீர்கள் என்று கேட்டாள். இராமகிருஷ்ணன் அண்ணனுடைய பாட்டில் தீர்ந்துவிட்டது, ஜெய்னுதீன் பாய் கடையில் தைலம் ஸ்டாக் இல்லை, இருந்ததை வழித்து வலது பக்கத்துக்குப் போட்டுவிட்டேன், இடதுக்குத்தான் ஒன்றும் தெரியாதே என்று பின்வரிசையில் கிடந்ததில் ஒன்றை எடுத்துப்போனேன் என்றான் அவன். பைக்குள் கைவிட்டு அவள் பாட்டிலை எடுத்தாள். கழுத்தில் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்த துணி. நகத்தால் சுரண்டினாள். உள்ளே மஞ்சள் சுங்குடி, வெள்ளைப் புள்ளி.

"வெட்டிவேர் வாசம் கூடவா தெரியல உங்களுக்கு?"

"சளி பிடிச்சு மூக்கே இல்லாம கிடக்கேன்" என்றான் ஈஸ்வரன். பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தன் இரண்டு கைகளையும் யாருடையவோ மாதிரிப் பார்த்தான்.

அன்றைக்கே அந்தப் பாட்டிலைக் கடலில் ஊற்றிவிடலாம் என்று அவன் எழுந்தான். அவள் கொடுக்கவில்லை. நாளைக்கு நானும் வருகிறேன் என்றாள்.

"ஆம்பளைக்கு நீ பிடிச்சு விடப் போறியா?"

"ஆம்பளைக்கு நீங்க பிடிங்க. நான் இடது பக்கத்துக்கு மட்டும்."

மறுநாள் மழைக்கு நடுவே குட்வில் எஸ்டேட் போனார்கள். சிவபிரகாஷ் முதலில் தயங்கினான். அக்கா, இதெல்லாம் சரியா வருமா என்றான். வேண்டாம் என்றால் போய்விடுகிறோம், ஆனால் இடது பக்கம் வேறு கையைத்தான் கேட்கிறது என்று சுசீலா சொன்னாள். அசைந்தது என்று ஈஸ்வரன் முந்தின நாளே சொல்லியிருந்ததால் அவன் கதவைச் சாத்திவிட்டு ஹாலுக்குப் போய்விட்டான்.

ஈஸ்வரன் வலது கழுத்தில் தொடங்கினான். சுசீலா அலமுவின் எண்ணெயைத் தொட்டு இடது கால் சுண்டுவிரலில் தொடங்கினாள். அவன் அழுத்தி இறங்கினான்; அவள் வருடி ஏறினாள். இடுப்பில் இரண்டு பேர் கையும் சந்தித்தன. நடு உடம்பில் கோடு கிழித்தது போல இருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வேர்வை, சூடு, கரடுமுரடான சதை. இந்தப் பக்கம் வழவழவென்று ஈரக் குளிர்ச்சி. தோல் ஒரே ஆளின் தோல்தான், மயிரும் அவருடையதுதான். கைக்குத்தான் தெரியும், உள்ளே யார் என்று. தோள்பட்டைக்குக் கீழே அந்த இடத்துக்கு வந்தபோது உள்ளங்கை மேட்டைப் பட்டும் படாமல் வைத்தாள். கால் மடங்கியது. அவளை அறியாமல் வாய், "வலிக்குதாக்கா?" என்றது.

இராமகிருஷ்ணனின் வலது கண் மூடியிருந்தது. இடது கண் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பலகையில் விரல் இரண்டு தட்டு தட்டியது. அவள் கையை எடுத்துவிட்டாள்.

அப்புறம் நாளுக்கு நாள் தேறினார். உட்கார்ந்தார். நின்றார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சிவபிரகாஷுக்குக் கால் தரையில் பாவவில்லை. மெயின்லேண்டுக்குப் போன் போட்டுத் தன் மனைவி சங்கவியிடம் கீழ் ரூமைக் காலி பண்ணி வை என்றான். மற்றவர்கள் பார்க்காததெல்லாம் சுசீலா கண்ணில்தான் விழுந்தது. மகன் உள்ளே வந்தால் இடது கை போர்வையை இழுத்துக் கால் தெரியாமல் மூடும். டீ வந்தால் வலது கை சர்க்கரை டப்பாவுக்கு நீளும்; இடது கை அந்த டப்பாவை மெல்ல அப்பால் நகர்த்திவிடும். சுகர் ஏறுகிறது என்று அலமு இருந்தவரைக்கும் அவருக்குச் சர்க்கரை கிடையாது. மகன் இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அப்பாவுக்குக் கை இன்னும் கண்ட்ரோலுக்கு வரவில்லை என்றான்.

பிளேன் டிக்கெட் எடுத்தாயிற்று. வாசல் கேட் வரைக்கும் நடத்திப் பார்க்கலாம் என்று ஒரு நாள் காலையில் கூட்டி வந்தார்கள். ஹாலைக் கடந்து வந்தவர் வாசற்படியில் நின்றுவிட்டார். வலது கால் வெளியே இறங்கிவிட்டது. இடது கால் உள்ளேயே ஊன்றிக்கொண்டது. வாங்கப்பா, வாங்க என்று மகன் இழுத்தான். இடது கை ஜன்னல் கிரில்லைப் பிடித்துக்கொண்டது. பிடியென்றால் அப்படி ஒரு பிடி. ஈஸ்வரனும் மகனும் சேர்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. வலது பக்கத்து முகம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி மகனைப் பார்த்தது. இடது பக்கத்து முகம் மழையைப் பார்த்தது.

பயம்தான், வேற ஒண்ணுமில்ல என்றான் சிவபிரகாஷ். அவன் குரலிலேயே பயம் இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் ஈஸ்வரன் இதுதான் சொன்னான்: அவர் மகனோடு போக வேண்டியவர். அந்தம்மா விட மாட்டாள். பாட்டிலில் இன்னும் ஒரு வேளைக்குத்தான் இருக்கிறது. அதைக் கடலில் ஊற்றிவிடு. இடது பக்கம் மறுபடி விழுந்தால் விழட்டும், தூக்கிக்கொண்டாவது போகட்டும். ஜீவன் ஒன்றாக இருக்கட்டும்.

ஆட்டோ கப்பல் ஜெட்டியைத் தாண்டியபோது சுசீலா பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். பிறகு, அவர்கிட்டயும் சொல்லாம செய்யக் கூடாது, அக்காகிட்டயும் சொல்லாம செய்யக் கூடாது என்றாள்.

பயணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் போனார்கள். சிவபிரகாஷ் லம்பா லைனில் ஒரு சிநேகிதனைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருவதாகக் குடையோடு கிளம்பினான். வீட்டில் வேறு யாரும் இல்லை. மழை கூரையில் ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. அவரைப் படுக்க வைத்து, பாட்டிலைக் கண்முன்னே காட்டி, சுசீலா உள்ளதை உள்ளபடி சொன்னாள். எங்கள் தப்புத்தான் அண்ணே, எடுக்கக் கூடாததை எடுத்துவிட்டோம் என்றாள்.

அவர் நாக்கு குழறியது. ஆனாலும் தெளிவாகத்தான் பேசினார்.

"தெரியும். மொத நாளே அவ வாசம் வந்துச்சு."

கண்முன்னே பிடித்திருந்த பாட்டிலை சுசீலா இறக்கினாள்.

"வீட்டுக்குப் போலாம், வீட்டுக்குப் போலாம்னு கேட்டுக்கிட்டே கிடந்தா, அங்க ஆஸ்பத்திரில. அடுத்த ஷிப்ல வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இப்ப அவளே வந்துட்டா. பாதி இடத்துல ஒண்டிக்கிட்டு இருக்கா, சுசீலா. வாடகைக்கு வந்தவ மாதிரி."

வலது கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது.

"அதை ஊத்திராத. வலது பக்கமும் அதையே போடு."

ஈஸ்வரன் முன்னால் வந்தான். "அண்ணே, அப்ப நீங்க எங்க இருப்பீங்க?"

இராமகிருஷ்ணன் கூரையைப் பார்த்தார்.

"அவ தனியா இருந்த எடத்துல நான் இருந்து பாக்கிறேன்" என்றார்.

சுசீலா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நாளைக்கு மகன் வந்து கேட்டால் என்ன சொல்வது என்பது ஒரு பக்கம். எத்தனையோ உடம்பு பார்த்திருக்கிறாள். உடம்பு கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறாள். வேண்டாம் என்றால் கை எடுத்திருக்கிறாள். அவள் இடது கையைப் பார்த்தாள். ஆட்காட்டி விரல் பலகையை ஒட்டி இருந்தது. தட்டட்டும் என்று காத்திருந்தாள். ஒரு தட்டு, இரண்டு தட்டு, போதும் என்று. மழை பெய்துகொண்டே இருந்தது. விரல் அசையவில்லை.

எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டாள்.

"சுசீ" என்றான் ஈஸ்வரன். தடுக்கவில்லை. "வலது உள்ளங்கையை மட்டும் விட்டுரு."

"எதுக்கு?"

"திரும்பி வரணும்னு தோணுச்சுன்னா ஒரு வாசல் வேணாமா?"

வலது கால் சுண்டுவிரலில் தொடங்கினாள். கோட்டைத் தாண்டி அவள் கை போனது அதுதான் முதல் தடவை. சூடாக இருந்த கால், கை போகப் போகக் குளிர்ந்துகொண்டு வந்தது. கெண்டைக்காலில் முடிச்சு முடிச்சாக இருந்த சதை கரைந்தது. முட்டிக்குப் பின்னால் கை வந்தபோது சிரிப்புக் கேட்டது. இந்தத் தடவை முழு வாயும் சிரித்தது. ஈஸ்வரன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். இடுப்பு, விலா, தோள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு வந்து நின்றாள். உள்ளங்கையைத் தொடவில்லை. கழுத்தில், கன்னத்தில், கடைசிச் சொட்டை நெற்றியில் வைத்தாள். வலது கண் திறந்தது. இரண்டு கண்ணும் சேர்ந்து அவளைப் பார்த்தன. எத்தனையோ வருஷம் பழகிய பார்வை அது.

உடம்பு தானாக எழுந்தது. யாரும் பிடிக்கவில்லை. துண்டை எடுத்து மார்பை மூடிக்கொண்டது. கட்டிலை விட்டு இறங்கி, குதிகாலை லேசாகத் தேய்த்து, தேய்த்து, சமையலறைக்கு நடந்தது. தீக்குச்சி கிழிக்கிற சத்தம் வந்தது. பாத்திரம் வைக்கிற சத்தம் வந்தது. அந்த வீட்டுச் சமையலறையில் எது எங்கே இருக்கிறதென்று இராமகிருஷ்ணனுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

அந்த நேரத்தில்தான் சிவபிரகாஷ் திரும்பி வந்தான். செருப்பைக் கழற்றினான். குடையை உதறினான். நடை சத்தமும் டம்ளர் சத்தமும் உள்ளேயிருந்து வந்தன. குனிந்து பேண்ட் மடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னான்.

"அம்மா, எனக்கும் ஒரு டம்ளர்."

சொன்னவன் குனிந்த மேனிக்கே நின்றுவிட்டான்.

சமையலறையில் பலகையிலிருந்து இன்னொரு டம்ளர் எடுத்து வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

டீ வந்தது. மகன் கையில் ஒன்று, ஈஸ்வரன் கையில் ஒன்று, சுசீலா கையில் ஒன்று. எல்லாம் அளந்து வைத்த மாதிரி, மகனுக்கு ஏலக்காய், சுசீலாவுக்கு இஞ்சி. சிவபிரகாஷ் ஒரு வாய் குடித்தான். குடித்ததும் அவன் முகம் கோணிக்கொண்டு போயிற்று. அழுதுவிடாமல் இருக்க டம்ளரை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். வெளியே வராண்டாவுக்குப் போனான். சங்கவியிடம் அவன் பேசியது மழையில் சரியாகக் கேட்கவில்லை. கீழ் ரூம் இப்ப வேணாம் என்றது மட்டும் கேட்டது.

சுசீலா காலிப் பாட்டிலைப் பையில் போட்டாள். கடலில் ஊற்ற ஒரு சொட்டு மிச்சமில்லை. வரோம்க்கா என்று சொல்லி, வழக்கம்போலக் கையைப் பிடித்து விடைபெறப் போனாள். பழக்க தோஷம், வலது கையைப் பிடித்துவிட்டாள்.

அந்த உள்ளங்கை ஒன்று மட்டும் சூடாக இருந்தது. வேர்த்து, கரடாக, ஆண்பிள்ளைக் கையாக இருந்தது. அது அவள் கையைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு ஜன்னல் கிரில்லை இடது கை பிடித்ததே, அதே பிடி. விடவில்லை. மேலே, முகம் அமைதியாகச் சிரித்துக்கொண்டிருந்தது. ஈஸ்வரன் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான். பிடி இறுகியது. எலும்பு வலித்தது.

அப்போது இடது கை மெல்ல வந்தது. ஆட்காட்டி விரலை நீட்டி, அந்த வலது கையின் முதுகில் இரண்டு தட்டு தட்டியது.

உள்ளங்கை விரிந்தது.